சுங்குடி ரகத்தை வச்சு விலையும் கழிவும் (தள்ளுபடியும்) தானா விழணும், வழி இருக்கா? (ஈஆர்பிநெக்ஸ்ட்)

தெற்குமாசி_பில்லிங்

எல்லாருக்கும் வணக்கம். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில பில்லிங் பார்க்கிறேன். முக்காவாசி சுங்குடி, காட்டன் சேலை. மீதி நைட்டி, சுடிதார் செட்டு. இத்தனை வருஷமா விலை முழுக்க முதலாளி மனசுலயும் ஒரு நீல அட்டை நோட்டுலயும்தான் இருந்துச்சு. இப்ப ஈஆர்பிநெக்ஸ்ட்ங்கிற பில்லிங், சரக்குக் கணக்கு சாஃப்ட்வேருக்கு மாறிட்டோம். சரக்கு ஏத்தியாச்சு, பில்லும் ஓடுது. விலையும் கழிவும் மட்டும் இன்னும் கையாலதான் அடிக்கிறோம்.

எங்க சேலைக்கு விலை இப்படித்தான் வரும். செய்முறை மூணு: கைமுடிச்சு, மெழுகு அச்சு, ஸ்கிரீன் அச்சு. பார்டர் நாலு: பார்டர் இல்லாதது, சாதா, சின்ன ஜரிகை, பெரிய ஜரிகை. நூல் நம்பர் (கூடக் கூட நூல் மெலிசு) 80, 100, 120. அப்புறம் ரவிக்கையோட வர்ற சாதா நீளமா, ஒன்பது கஜமா. நிறம் ஒரு நாப்பது இருக்கும்.

இதையெல்லாம் ஐட்டம் மாஸ்டர்ல (சரக்குப் பதிவுல) கஸ்டம் ஃபீல்டா, அதாவது நாமளே போட்டுக்கிற கட்டமா சேர்த்தேன். "கைமுடிச்சுன்னா கழிவு கிடையாது, ஸ்கிரீன் அச்சுன்னா வெளியூர்க் கடைக்கு 8%, ஒரு டஜனோ அதுக்கு மேலயோ எடுத்தா இன்னும் 3%"ன்னு பிரைசிங் ரூல் (கழிவு தானா விழறதுக்கான விதி) போடலாம்னு போனா, நான் சேர்த்த ஃபீல்டு எதுவுமே அந்தப் பக்கத்துல தலை காட்டலை. என்ன செய்யலாம்? புரோகிராம் எழுதத் தெரியாது, எக்செல் நல்லா வரும்.

கேகேநகர்_கோடு

தம்பி, பிரைசிங் ரூல்ல எதன் மேல கழிவுன்னு கேக்கிற இடத்துல நாலே நாலுதான் இருக்கும்: ஐட்டம் கோடு, ஐட்டம் குரூப், பிராண்ட், மொத்த பில். நீங்க சேர்த்த ஃபீல்டு அங்க வராது. கீழ கண்டிஷன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல எழுதிடலாம்னு தோணும். நிறைய பேர் மாட்டுற இடம் அது. அந்தக் கட்டம் பில்லோட தலைப்பைத்தான் பார்க்கும்: யார் வாங்குறாங்க, எந்த ஏரியா, என்ன தேதி. வரிக்கு வரி போயி இந்தச் சேலை என்ன ரகம்னு பார்க்காது.

அடுத்து எல்லாரும் சொல்ற வழி வேரியன்ட், அதாவது ஒரே சரக்கோட ஒவ்வொரு கூட்டும் தனி ஐட்டம். எல்லாப் பண்பையும் அட்ரிபியூட்டா மாத்தி ஒரே டெம்ப்ளேட்டுக்கு, அதாவது தாய் ஐட்டத்துக்குக் கீழ போடுறது. கணக்குப் போட்டுப் பாருங்க. 3 செய்முறை, 4 பார்டர், 3 நூல், 40 நிறம்: 1,440 ஐட்டம். நீளத்தையும் சேர்த்தா 2,880. அதுல பாதி நீங்க வாழ்நாள்ல வாங்காத சேலையா இருக்கும்.

ஒண்ணு சொல்லுங்க. நிறம் மாறுனா விலை மாறுமா?

தெற்குமாசி_பில்லிங்

மாறாதுக்கா. கட்டு கட்டாதான் போகும், ஒரு கட்டுல ஆறு நிறம் கலந்து இருக்கும். சில கடைக்காரங்க "எனக்கு மாம்பழ மஞ்சள் மட்டும் குடுங்க"ன்னு கேப்பாங்க, அதுக்கும் அதே விலைதான். இருப்பு தெரியணும்னுதான் நிறத்தைப் பதிவு செய்யறோம்.

டேலி_மாமா

இதுக்குத்தான் நான் யாருக்கும் புதுசு புதுசா எதையும் மாட்டச் சொல்றதில்லை. டேலி பிரைம் கணக்கு சாஃப்ட்வேர்ல ஸ்டாக் குரூப்னு ஒண்ணு, ஸ்டாக் கேட்டகிரின்னு ஒண்ணு, ரெண்டும் தனித்தனி. செய்முறையை குரூப்பாவும் பார்டரை கேட்டகிரியாவும் வைங்க. எஃப்11 அழுத்தினா வர்ற செட்டிங்ஸ்ல பல விலை நிலையைத் திறந்து விடுங்க. உள்ளூர், வெளியூர், சில்லறைன்னு மூணு பிரைஸ் லெவல் போட்டு, ஒவ்வொரு பார்ட்டி லெட்ஜர்லயும் அவங்க லெவல் எதுன்னு குறிச்சிட்டா முடிஞ்சது. விலைப்பட்டியல்லயே எத்தனை உருப்படி வரைக்கும் என்ன விலை, எத்தனை சதவீதக் கழிவுன்னு படி படியா போடலாம். எந்தத் தேதியில இருந்துன்னும் போடலாம். மாசி வீதில பாதிக் கடை இப்படித்தான் ஓடுது.

கேகேநகர்_கோடு

மாமா, ரெண்டு பண்பு வரைக்கும் நீங்க சொல்றது சரி. ஒரு ஐட்டம் ஒரு குரூப்லயும் ஒரு கேட்டகிரிலயும்தான் உக்கார முடியும். நூல் நம்பரை எங்க வைப்பீங்க? ஒன்பது கஜத்தை எங்க வைப்பீங்க?

டேலி_மாமா

பேர்லயே எழுதிருவோம். "ஸ்கி.அ. 100 பெ.ஜ. 9க". இல்லாட்டி டிடிஎல் (டேலிக்கான புரோகிராம் மொழி) எழுதுற பையனைக் கூப்பிட்டு ஃபீல்டு போட்டுக்க வேண்டியதுதான்.

தெப்பக்குளம்_பைப்

ஜவுளிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, பிவிசி பைப்பு, ஃபிட்டிங்ஸ் வியாபாரம். ஆனா இந்த வியாதி எங்களுக்கும் உண்டு, அதனால சொல்றேன்.

எங்க தொழில்ல பைப்புக்கு விட்டம், அழுத்தம் தாங்கும் அளவு (4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ), நீளம், தண்ணிக் குழாயா கழிவுநீர்க் குழாயான்னு ஏகப்பட்ட பண்பு. விலை அத்தனையும் பொறுத்து மாறும். ஆனா கழிவு அப்படி மாறாது. கம்பெனி லிஸ்டுலயே பைப்புக்கு ஒரு கழிவு, ஃபிட்டிங்குக்கு ஒரு கழிவு, பசைக்கு ஒரு கழிவு. அவ்வளவுதான், நாலஞ்சு வகை. 63 மில்லி பைப்புக்கும் 110 மில்லி பைப்புக்கும் விலை எங்கேயோ இருக்கும், கழிவு ஒண்ணுதான்.

அதனால நான் செஞ்சது, விலையை நிர்ணயிக்கிற பண்பை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிட்டு, "கழிவு வகுப்பு"ன்னு புதுசா ஒரே ஒரு பண்பு வச்சேன். கழிவு ரூல் அத்தனையும் அதைத்தான் பார்க்கும். கம்பெனி லெட்டர் வந்து லிஸ்ட் விலை ஏறுனா விலைப்பட்டியலை மட்டும் மாத்துவேன், ரூலைத் தொடவே மாட்டேன். கழிவு மாறுனா ரூலை மாத்துவேன், விலையைத் தொட மாட்டேன்.

தெற்குமாசி தம்பி எழுதுனதை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. நிறத்தை விட்டாலும் விலைக்கு நாலு பண்பு சொன்னாரு. கழிவுன்னு வந்ததும் செய்முறையைத் தவிர வேற எதையும் அவர் சொல்லவே இல்லை.

தெற்குமாசி_பில்லிங்

அட, ஆமாண்ணே. முதலாளிகிட்டயும் கேட்டுட்டேன். பெரிய ஜரிகைக்குத் தனிக் கழிவு எதுவும் கிடையாதாம். கைமுடிச்சுக்கு இல்லை, மெழுகு அச்சுக்குக் கொஞ்சம், ஸ்கிரீனுக்கு முழுசு. "அதையா இத்தனை நாளா கம்ப்யூட்டர்ல தேடிக்கிட்டு இருக்க?"ன்னாரு.

கேகேநகர்_கோடு

பைப் அண்ணன் வேலையைச் சுருக்கிட்டாரு. இப்ப இதை ஈஆர்பிநெக்ஸ்டுக்குள்ள எப்படி உக்கார வைக்கிறதுன்னு பார்ப்போம்.

கழிவு வகுப்பை ஐட்டம் குரூப்பா வைங்க. சுங்குடி கைமுடிச்சு, சுங்குடி மெழுகு, சுங்குடி ஸ்கிரீன், மூணும் தனித்தனி குரூப். ஒண்ணு கவனிங்க: ஐட்டம் குரூப் கிளை கிளையா இருக்கும், மேல் குரூப்புல போட்ட ரூல் கீழ இருக்கிற எல்லாத்துக்கும் பாயும். "சுங்குடி"ன்னு ஒரு மேல் குரூப் வச்சு, ஆடிக்கு யாராவது அதுல 5% போட்டு விட்டா கைமுடிச்சுக்கும் சேர்ந்து விழுந்துரும். அதனால கழிவு வாங்குற குரூப்பும் வாங்காத குரூப்பும் ஒரே தாய்க்குக் கீழ இருக்க வேண்டாம். "கழிவுச் சரக்கு", "நெட் விலைச் சரக்கு"ன்னு மேலேயே ரெண்டாப் பிரிச்சிருங்க.

டெம்ப்ளேட்டை செய்முறை, பார்டர், நூல், நீளம் நாலும் சேர்ந்த ஒரு ரகத்துக்கு ஒண்ணா வைங்க. நிறம் மட்டும் வேரியன்ட். டெம்ப்ளேட்டுக்கு விலை போட்டுட்டு வேரியன்டுக்குப் போடாம விட்டா, வேரியன்ட் டெம்ப்ளேட் விலையையே எடுத்துக்கும். நாப்பது நிறத்துக்கும் ஒரே இடத்துல விலை மாத்தலாம். எல்லாக் கூட்டும் இருந்தா 72 டெம்ப்ளேட், நிஜத்துல உங்ககிட்ட அதுல பாதிகூட இருக்காது.

பழையநத்தம்ரோடு

அக்கா, எங்க கடையில ஐட்டம் குரூப்பை ஏற்கெனவே விற்பனை ரிப்போர்ட்டுக்குப் பயன்படுத்துறோம். காட்டன், சில்க் காட்டன், சிந்தெடிக்னு. அதைக் கலைக்க ஆடிட்டர் விடமாட்டேங்கறாரு. பிராண்ட் ஃபீல்டு சும்மாதான் கெடக்கு, கழிவு வகுப்பை அதுல போடலாமா?

கேகேநகர்_கோடு

போடலாம், வேலை செய்யும். எனக்குப் பிடிக்காது, ஆனா செய்யும். நாளைக்கு நிஜமாவே ஒரு மில் பேரைப் பிராண்டா பதியணும்னா அப்ப எங்க போவீங்க? உங்க கடையில சொந்தப் பேர்ல மட்டும்தான் சரக்கு போகுதுன்னா துணிஞ்சு செய்யுங்க. பேர் குழப்பாம இருக்க, அந்த ஃபீல்டோட லேபிளை மட்டும் "கழிவு வகுப்பு"ன்னு மாத்திக்கலாம்.

சின்னாளபட்டி_நூல்

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, மகன் காட்டினான், படிச்சேன். சாயம், முடிச்சு வேலை பார்க்கிற குடும்பம்.

தம்பி, கைமுடிச்சை ஒரே ரகமா வச்சிருக்கீங்களே. முடிச்சுச் சேலைக்கு விலையே புள்ளியில்தான் இருக்கு. வீட்டில் உக்காந்து பெண்கள் விரல் நுனியில் துணியைக் கிள்ளி நூல் சுத்தி ஒவ்வொரு புள்ளியா கட்டணும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் வரும். கூலி முடிச்சுக் கணக்கில்தான். உடம்பில் மட்டும் தூவின மாதிரி புள்ளி இருக்கிற சேலையும், முந்தி நெடுக வட்டம் வட்டமா அடர்த்தியா இருக்கிற சேலையும் ஒரே நூல், ஒரே பார்டரா இருக்கலாம். கூலி ரெண்டு மடங்கு, மூணு மடங்கு வித்தியாசப்படும். ஒரே விலை போட்டீங்கன்னா அடர்த்திச் சேலையை எல்லாம் விவரம் தெரிஞ்ச கடைக்காரன் முதல் நாளே பொறுக்கிட்டுப் போயிருவான்.

இன்னொண்ணு. மதுரை சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு வந்தது கைமுடிச்சு வேலைக்காக. பில்லில் வெறும் "சுங்குடி சேலை" என்று ஸ்கிரீன் அச்சுக்கும் போகுது, முடிச்சுக்கும் போகுது. ரகத்தைத் தனியாப் பதியறதுதான் பதியறீங்க, அது பில்லிலும் அச்சாகட்டும்.

தெற்குமாசி_பில்லிங்

ஐயா, புள்ளியை எண்ணி எழுத முடியாதே?

சின்னாளபட்டி_நூல்

எண்ண வேண்டாம். தூவல், நடுத்தரம், அடர்த்தி. மூணு போதும். முடிச்சு கட்டிக் குடுக்கிறவங்க கூலிச் சிட்டையிலேயே அந்தப் பிரிவு இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்க.

எக்செல்_எழில்

விலையை எப்படிக் கணக்குப் போடறதுன்னு யாரும் சொல்லலையே. ஈஆர்பிநெக்ஸ்ட்ல "பெரிய ஜரிகைன்னா 150 ரூபாய் கூட்டு"ன்னு அட்ரிபியூட்டுக்கு விலை ஒட்டுற வசதி கிடையாது. விலையை வெளியில கணக்குப் போட்டு, டேட்டா இம்போர்ட்ல ஐட்டம் பிரைஸா ஏத்தணும். எக்செல் வரும்னு சொன்னீங்கள்ல, இது உங்க ஆட்டம்.

ஆனா எதைக் கூட்டணும், எதைப் பெருக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. நூல் நம்பர் துணி முழுக்கப் போகுது, அதனால அது சதவீதமா ஏறும். ஜரிகை பார்டர் ரூபாயா ஏறும். ஒன்பது கஜம்னா 8.23 மீட்டர். ரவிக்கையோட வர்ற சேலை 6.2 மீட்டர்னு வைங்க, ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கூடுதல். அந்தப் பெருக்கல் ஜரிகைக்கும் சேர்ந்து வரணும், ஏன்னா பார்டரும் நீளத்துக்குத்தானே ஓடுது. முடிச்சுக் கூலியை நீளத்தோட பெருக்கக் கூடாது, அது சிட்டையில என்ன இருக்கோ அதுதான்.

உதாரணத்துக்கு அடிப்படை 450, நூல் 100-க்கு 12% ஏற்றம்னா 504. பெரிய ஜரிகை 150 கூட்டினா 654. ஒன்பது கஜத்துக்கு 1.33-ஆல பெருக்கினா 869.82, பில்லுக்கு 870. இதையே முதல்ல 450-ஐ 1.33-ஆல பெருக்கி, 12% ஏத்தி, கடைசியா ஜரிகை 150 கூட்டிப் பாருங்க, 820 சொச்சம்தான் வரும். ஒரு சேலைக்கு அம்பது ரூபாய் ஜரிகைக்காரனுக்குப் போயிருக்கும், நம்ம பில்லுக்கு வந்திருக்காது.

தெப்பக்குளம்_பைப்

எழில், ரவுண்டு பண்றதைக் கடைசியில ஒரே தடவைதானே செய்யறீங்க? சில பேர் படிக்குப் படி ரவுண்டு பண்ணி, அப்புறம் கூட்டு சேரலைன்னு கத்துவாங்க.

எக்செல்_எழில்

கடைசியில ஒரு தடவைதாண்ணே.

மாட்டுத்தாவணி_ஓடூ

ஓடூக்காரன் (அதுவும் ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரி ஒரு சாஃப்ட்வேர்) ஒருத்தன் வரலைன்னா இந்தப் பேச்சு முழுமை ஆகாதுல்ல. எழில் சொன்ன குறை ஓடூவில் கிடையாது. ஒவ்வொரு அட்ரிபியூட் மதிப்புக்கும் கூடுதல் விலைன்னு ஒரு கட்டம் இருக்கு. பெரிய ஜரிகைக்கு 150ன்னு எழுதிட்டா அதுவே கூட்டிக்கும். ஆனா கூட்டல் மட்டும்தான். நூலுக்குச் சதவீதம், நீளத்துக்குப் பெருக்கல் எல்லாம் அங்க நடக்காது.

வேரியன்டை எப்ப உருவாக்கணும்னும் கேக்கும்: உடனேயா, ஆர்டர்ல வரும்போதா, ஒருபோதும் வேண்டாமா. "வேண்டாம்"னு வச்சா அந்தப் பண்புக்கு விலை மட்டும் ஏறும், தனி இருப்புக் கணக்கு இருக்காது. ஃபால்ஸ் தைக்கணுமா, குஞ்சம் கட்டணுமா மாதிரி விஷயத்துக்கு அதுதான் சரி.

கழிவுன்னு வந்தா நாங்களும் உங்க படகுலதான். பிரைஸ்லிஸ்ட் ரூல் எல்லாப் பொருளுக்கும், ஒரு வகைக்கும், ஒரு பொருளுக்கும், ஒரு வேரியன்டுக்கும் போடலாம். "ஜரிகை இருக்கிற எல்லாத்துக்கும்"னு பண்பை வச்சுப் போட வழி இல்லை. பைப் அண்ணனோட கழிவு வகுப்பை நாங்க பொருள் வகையில ஏத்தித்தான் சமாளிக்கிறோம்.

தெற்குமாசி_பில்லிங்

எல்லாரும் சொன்னபடி மூணு குரூப் போட்டு ரூல் எழுதிட்டேன். வெளியூர்க் கடைக்காரங்களுக்குத் தனி கஸ்டமர் குரூப், 8% சரியா விழுது. டஜன் கழிவுதான் விழ மாட்டேங்குது. மேலூர்க் கடைக்கு ஒரு பில், ஸ்கிரீன் அச்சு பதினஞ்சு சேலை. குறைஞ்சபட்சம் 12ன்னு ரூல்ல போட்டிருக்கேன். ஒண்ணும் ஆகலை.

கேகேநகர்_கோடு

பதினஞ்சும் ஒரே நிறமா?

தெற்குமாசி_பில்லிங்

இல்லக்கா, அஞ்சு நிறம், மும்மூணு.

கேகேநகர்_கோடு

அப்ப பில்லில் அஞ்சு வரி, ஒவ்வொரு வரியிலும் 3. ரூல் ஒவ்வொரு வரியாப் பார்த்து "பன்னிரண்டு இல்லையே"ன்னு விட்டுருது. ரூலுக்குள்ள மிக்ஸ்டு கண்டிஷன்ஸ்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்க. அந்தக் குரூப்ல இருக்கிற வரியெல்லாம் கூட்டி எண்ணிக்கை பார்க்கும். மொத்த ஜவுளிக்கு அந்த டிக் இல்லாம டஜன் கழிவு போடறதுல அர்த்தமே இல்லை.

அடுத்து 8%, 3% ரெண்டு ரூலும் ஒரே வரிக்குப் பொருந்தும்போது என்ன ஆகும்? ரெண்டுக்கும் ஒரே பிரையாரிட்டின்னா சண்டையைத் தீர்த்துக்கிட்டு வான்னு எரர் காட்டும். பிரையாரிட்டி எண்ணில் பெரிய எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. ரெண்டும் சேர்ந்து விழணும்னா பல ரூல் பொருந்தலாம்னு அனுமதி கொடுக்கணும், அதுவும் ரெண்டு ரூலிலும். இதுக்குப் பதிலா "வெளியூர் டஜன் 11%"னு ஒரே ரூல், பெரிய பிரையாரிட்டியில. என் அனுபவத்துல அதுதான் தலைவலி குறைவு.

டேலி_மாமா

11% இல்லைம்மா. நம்ம ஊர் வழக்கத்துல எட்டு கழிச்சு, மிச்சத்துல மூணு கழிப்பாங்க. 100 ரூபாய்ச் சரக்குக்கு 92, அதுல மூணு போனா 89.24. கழிவு 10.76 தான். ஒரு லட்ச ரூபாய் பில்லுக்கு 240 ரூபாய் வித்தியாசம். முதலாளியைக் கேக்காம 11 போட்டுட்டு அப்புறம் கணக்குப்பிள்ளை தலையில விடியும்.

கேகேநகர்_கோடு

சரி மாமா, 10.76. இதுக்காகவே நீங்க இங்க இருக்கணும்.

சிம்மக்கல்_ஆடிட்

சேலையோட நிறுத்தாதீங்க, நைட்டி, சுடிதார் செட்டுன்னு சொன்னீங்களே, அதுல கழிவு வரி விகிதத்தையே மாத்தும். சேலை துணி வகையில் வருது. என்ன விலைன்னாலும் ஜிஎஸ்டி 5%. ரெடிமேடு அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரைக்கும் 5%, அதுக்கு மேல 18%. முன்னாடி 1,000 ரூபாய்தான் எல்லை, அதுக்கு மேல 12%.

மதிப்புங்கறது கழிவு போன பிறகு உள்ள விலை, அந்தக் கழிவு பில்லிலேயே காட்டியிருந்தா. 2,700 ரூபாய் சுடிதார் செட்டுக்கு பில்லிலேயே 10% கழிச்சா 2,430. வரி 5%, மொத்தம் 2,551.50. அதே செட்டை 2,700-க்கு 18% போட்டு பில் அடிச்சிட்டு, மாசக் கடைசியில கிரெடிட் நோட்டுல 10% கழிச்சா வாங்குறவருக்கு 2,867.40 ஆகும். 315.90 வித்தியாசம். உள்ளீட்டு வரி (சரக்கு வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டி) எடுக்கிறவர் வரியைத் திரும்ப எடுத்துக்குவார். காம்போசிஷன்ல (சின்ன வியாபாரிக்கான எளிய வரித் திட்டத்துல) இருக்கிற சின்னக் கடைக்காரர் எடுக்க முடியாது, அவருக்கு முழுசும் கைச்செலவு.

கழிவு வகுப்பு பிரிக்கும்போது 2,500-ஐ ஒட்டி இருக்கிற ரெடிமேடு ரகங்களைத் தனியாப் பாருங்க. ஈஆர்பிநெக்ஸ்ட்ல ஐட்டத்தோட வரி அட்டவணையில குறைஞ்ச நெட் விலை, கூடின நெட் விலைன்னு ரெண்டு கட்டம் இருக்கு. 2,500 வரைக்கும் ஒரு வரி டெம்ப்ளேட், அதுக்கு மேல இன்னொண்ணுன்னு குறிச்சு வைங்க. வச்சுட்டுக் கழிவோட ஒரு பில் போட்டுச் சரியான விகிதம் விழுதான்னு கண்ணால பார்த்துருங்க.

தெற்குமாசி_பில்லிங்

சார், இது எங்க யாருக்கும் தோணவே இல்லை. பெரிய நன்றி.

இன்னொரு சிக்கல். ரூல் எல்லாம் சரியாத்தான் போகுது. ஆனா பழைய வாடிக்கைக்காரர் யாராவது வந்து உக்காந்தா முதலாளி கல்லாவுல இருந்தே "அவருக்கு இன்னும் அம்பது கொறைச்சுப் போடு"ம்பாரு. கைமுடிச்சுக்கும் சொல்லுவாரு. நான் எப்படி மறுப்பேன்?

தெப்பக்குளம்_பைப்

மறுக்காதீங்க தம்பி, சம்பளம் அவர் குடுக்கறாரு. அவர் குறைச்சது எங்க, எவ்வளவுன்னு தெரியற மாதிரி மட்டும் வைங்க. நான் பில்லுல "சிறப்புக் கழிவு காரணம்"னு ஒரு ஃபீல்டு வச்சிருக்கேன். பழைய பார்ட்டி, பாக்கி வசூல், சரக்குல கறை, போட்டிக் கடை விலை. இதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்காம சேவ் ஆகாது. வருஷக் கடைசியில அதைக் கூட்டிக் காட்டினேன், எங்க அண்ணாச்சியே கொஞ்சம் கையைச் சுருக்கிக்கிட்டாரு.

கேகேநகர்_கோடு

கைமுடிச்சுக்குப் பூட்டு வேணும்னா ஐட்டம் மாஸ்டர்ல மேக்ஸ் டிஸ்கவுண்ட்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல 0 போட்டா கழிவே கூடாதுன்னு எடுத்துக்கும்னு நினைப்பீங்க. அது 0-வைத் தடை எதுவும் இல்லைன்னு எடுத்துக்கும். 0.01 போடுங்க, அதுக்கு மேல போனா சேவ் பண்ண விடாது. பில்லில் விலையை நேரா மாத்தினாலும் அது கழிவுச் சதவீதமா மாறித்தான் பதிவாகும், அதனால அங்கேயும் பிடிக்கும்.

பிடிக்காத இடம் ஒண்ணு இருக்கு. பில் அடியில மொத்தத்துக்குக் கழிவு போடற கட்டம். அது வரிக்கழிவா கணக்குல வராது, பூட்டைத் தாண்டிப் போயிரும். அந்த ஃபீல்டை முதலாளி லாகினுக்கு மட்டும் திறந்து வைங்க. செல்லிங் செட்டிங்ஸ்ல அடக்க விலைக்குக் கீழ விக்க விடாத டிக் ஒண்ணும் இருக்கு, அதையும் போட்டு வைங்க.

சின்னாளபட்டி_நூல்

முதலாளிகிட்ட சொல்லுங்க தம்பி, ஸ்கிரீனில் நூறு குறைக்கட்டும், முடிச்சில் அம்பது குறைச்சா அடுத்த தடவை எங்ககிட்டத்தான் அந்த அம்பதைக் கேக்க வர்றாரு.

தெற்குமாசி_பில்லிங்

கட்டாயம் சொல்றேன் ஐயா.

இப்ப நிலைமை இது. நெட் விலைச் சரக்கு தனி, கழிவுச் சரக்கு தனி. கைமுடிச்சு தூவல், நடுத்தரம், அடர்த்தின்னு மூணாப் பிரிச்சாச்சு, கூலிச் சிட்டை கேட்டிருக்கேன். எல்லாம் சேர்ந்து முப்பத்தொரு டெம்ப்ளேட்தான் வந்துச்சு. ரூல் அஞ்சு. நீல நோட்டு விலைக்கும் எக்செல் விலைக்கும் ஒத்துப் பார்த்தேன், 120 நூல் பெரிய ஜரிகை ரகங்கள்ல மட்டும் நோட்டு விலை நாப்பது அம்பது குறைவா இருக்கு. முதலாளி "ஜரிகை விலை ஏறினப்ப அதை மாத்த விட்டுருச்சு"ன்னு சொல்லிட்டு நம்ம கணக்கையே வச்சுக்கச் சொன்னாரு.

கடைசியா ஒண்ணு. ஆடிக்கு ஸ்கிரீன் அச்சுக்கு மட்டும் 5% கூடுதல் போடுவோம். ரூல்ல தொடக்க தேதி, முடிவு தேதி குறிச்சிருக்கேன். ஆடி முடிஞ்ச பிறகு சரக்கைத் திருப்பிக் கொண்டு வந்தாங்கன்னா எந்த விலைக்கு எடுக்கும்?

கேகேநகர்_கோடு

புதுசா ரிட்டர்ன் பில் போடாதீங்க, அன்னைக்கு விலைதான் வரும். ஆடியில போட்ட பில்லைத் திறந்து அதுக்குள்ள இருந்தே ரிட்டர்ன் எடுங்க, அன்னைக்கு என்ன விலைக்குப் போச்சோ அதே விலையில திரும்பும். கவுண்டர்ல இருக்கிற எல்லாருக்கும் பில் நம்பர் இல்லாம ரிட்டர்ன் வாங்காதீங்கன்னு இப்பவே சொல்லி வச்சிருங்க.

டேலி_மாமா

முடிவு தேதியை ஆங்கில மாசத்துல பார்த்துப் போடு தம்பி. ஆடி ஜூலை நடுவுல பிறந்து ஆகஸ்ட் நடுவுலதான் முடியும். ஜூலை 31-ன்னு போட்டு வச்சா ஆடிப்பெருக்குக்கு வர்ற கூட்டத்துக்கு முழு விலை அடிக்கும்.